அப்பாவின் பட்டாளப் பதிவேட்டில் அம்மாவின் பெயர்

2023 நவம்பரில் வழக்கம்போல அப்பாவைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரில் கிரேஞ்ச் ரோட்டில் இருக்கும் இந்தியத் தூதரகத்துக்குப் போய், வாழ்நாள் சான்றிதழில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வந்தேன். அதற்குச் சற்று முன்புதான் அவருடைய பென்ஷன் வங்கியிலிருந்து ‘ஸ்பர்ஷ்’ தளத்துக்கு மாறியிருந்தது. இந்தியப் பாதுகாப்புத் துறை தன் ஓய்வூதியர்களை எல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவருவதற்காக ஆரம்பித்த தளம் அது. சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டு, அவருடைய விவரப் பக்கத்தைத் திறந்து முதல் வரியிலிருந்து படித்தேன். வங்கி பென்ஷன் போட்ட காலத்தில் இப்படி ஒரு பக்கத்தை நாங்கள் பார்த்ததே இல்லை.

மனைவி என்ற இடத்தில் அம்மாவின் பெயர் தப்பாக இருந்தது. பிறந்த தேதியும் தப்பு.

அம்மாவின் பெயரை இங்கே முழுதாக எழுதவில்லை. ‘செ’ என்று தொடங்கி ‘அம்மாள்’ என்று முடியும். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர். ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் ஆங்கிலத்தில் சி, ஹெச் என்று தொடங்கி, நடுவில் இரண்டு எம் வந்து, எல் எழுத்தில் முடியும். அப்பாவின் பதிவில் எஸ் எழுத்தில் தொடங்கி, ஒற்றை எம்மோடு, ‘அமா’ என்று முடிந்திருந்தது. 1955 ஆகஸ்ட் 12ல் பிறந்தவருக்கு 1-7-1958 என்று தேதி.

அப்பா அப்போது பேரனின் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் பிடி ஷூவுக்குப் பூசிய கை. இங்கே வந்ததிலிருந்து அந்த வேலையை வேறு யாருக்கும் விடமாட்டார். கைப்பேசியை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“கல்யாணம் முடிஞ்சு லீவுல இருந்து திரும்பினதும் கிளார்க்கிட்ட போய்ச் சொன்னேன் பாப்பா. வடக்கத்திக்காரன். பேரச் சொன்னேன், அவன் காதுல விழுந்தத எழுதினான். பொறந்த தேதி கேட்டான். ஆடி மாசம்னு மட்டுந்தான் எனக்குத் தெரியும். ஆடின்னா என்னான்னான், ஜூலைன்னேன். ஒண்ணாந்தேதின்னு அவனே போட்டுக்கிட்டான்.”

“வருசம்?”

“வயசு என்னன்னான். பத்தொம்போது இருக்கும்னேன்.”

அது 1977. அம்மாவுக்கு அப்போது 22 வயது. மூன்று நிமிடத்தில் எழுதிய அந்த ஒரு வரியைத் திருத்த எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது. சிங்கப்பூரில் அம்மா அப்பாவை நீண்டகால வருகை அட்டையில் கூட வைத்திருக்கும் பிள்ளைகள் என்னைப்போல நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பட்டாளத்தார் வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

முதலில், இது ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அப்பாவே, “எனக்குப் பணம் ஒழுங்கா வருதுல்ல, விடும்மா” என்றுதான் ஆரம்பித்தார். அவருக்கு வரும். அவர் காலத்துக்குப் பிறகு அம்மாவுக்கு வரவேண்டியது குடும்ப ஓய்வூதியம். சாதாரணக் கணக்கில் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அதைக் கேட்டுப் போகும்போது, பென்ஷன் ஆணையில் இருக்கும் மனைவியும் ஆதாரில் இருக்கும் பெண்ணும் ஒருவர்தானா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். எங்கள் ஊரிலேயே ஒரு பட்டாளத்தார் வீட்டு அம்மா, பெயரில் இருந்த இரண்டெழுத்து வித்தியாசத்தால் கணவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் கையில் காசில்லாமல் அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். தேதிக்கும் கணக்கு இருக்கிறது. 80 வயது நிறைந்தால் ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதல், 85ல் 30, 90ல் 40, 95ல் 50, நூறு வயதில் நூறு சதவீதம். குடும்ப ஓய்வூதியத்துக்கும் இதே கணக்குதான். அம்மா 80 தொடுவது 2035ல். பதிவேட்டை நம்பினால் 2038. மூன்று வருடக் கூடுதல் தொகை அந்த கிளார்க்கின் ஒண்ணாந்தேதியோடு போய்விடும்.

இதைச் சொன்னதும் அப்பா பூச்சு பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். “அப்ப எழுது” என்றார்.

எழுதினேன், தப்பான இடத்துக்கு. பென்ஷன் வந்துகொண்டிருந்த வங்கிக் கிளைக்கு முதலில் எழுதினேன். இப்போது இது எங்கள் கையில் இல்லை என்று பதில் வந்தது. அடுத்து ஸ்பர்ஷ் தளத்திலேயே விவர மாற்றம் கேட்டு, அம்மாவின் ஆதார் நகலை இணைத்து அனுப்பினேன். அது நிராகரிக்கப்பட்டது. திரும்பவும் அனுப்பினேன். திரும்பவும் அதே பதில். இதில் நாலு மாதம் போயிற்று. முகவரி, வங்கிக் கணக்கு, கைப்பேசி எண் போன்றவற்றை ஓய்வூதியர் தாமே மாற்றலாம். மனைவி யார், பிள்ளைகள் யார் என்பது படைப்பிரிவின் பதிவேட்டிலிருந்து வருகிற விஷயம். ஊற்று அங்கே இருக்கும்போது நான் குழாயடியில் நின்று தண்ணீரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன்.

அந்த ஊற்றுக்குப் பெயர் ரெக்கார்ட் ஆபீஸ். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தனித்தனி. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்றால் பெங்களூர். சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கிப் படை நாசிக் ரோடு, ராணுவ இயந்திரங்களைப் பராமரிக்கும் இஎம்இ செகந்திராபாத், மருத்துவப் படை லக்னோ. உங்கள் அப்பா கடைசியாக எந்த ஊரில் வேலை பார்த்தார் என்பதை வைத்துத் தேடவேண்டாம். எந்தப் பிரிவில் ஓய்வுபெற்றார் என்று, பட்டாளத்திலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கின் முதல் பக்கத்தில் இருக்கும். ஜவான் முதல் சுபேதார் மேஜர் வரைக்கும் இந்த அலுவலகங்கள்தான் பார்க்கும்.

அப்பாவின் ரெக்கார்ட் ஆபீஸ் எது என்று இங்கே சொல்லவில்லை. அங்கே ஒருமுறை எங்கள் கடிதம் பதிலில்லாமல் கிடந்தது, இன்னொருமுறை திரும்பி வந்தது. பின்னால் அங்கேயே பொறுமையாகப் பேசிய மனிதர்களும் இருந்தார்கள். திரும்பி வந்ததற்குக் காரணம் நான்தான். அப்பாவுக்கு அவருடைய பட்டாள நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஏழு இலக்கம், கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து. அந்த எழுத்து ஏதோ பிரிவைக் குறிப்பது என்று நினைத்து நான் கடிதத்தில் விட்டுவிட்டேன். நம்பர் சரிதானா என்று சோதிக்கவே அந்த எழுத்தை வைத்திருக்கிறார்கள்; அது இல்லாமல் நம்பர் முழுமையாகாது. கடிதத்தைத் திருப்பி அனுப்பியவர் சிவப்பு மையில் அந்த இடத்தைச் சுழித்திருந்தார். அப்பா அதைப் பார்த்துவிட்டு, “லெட்டர் இல்லாம நம்பரா?” என்று மட்டும் கேட்டார்.

ஆகவே எந்தக் கடிதமானாலும் மேலே நம்பர், பதவி, பெயர் மூன்றும் டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கிறபடியே இருக்கட்டும். எழுத்து மாறக்கூடாது, முன்னெழுத்து இடம் மாறக்கூடாது. இந்த முன்னெழுத்து நம்மைப் படுத்தும் பாட்டைத் தனியாக எழுதலாம். தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. விண்ணப்பத்தில் அதற்கு ஒரு கட்டம் உண்டு. அதனால் அப்பாவின் பெயர் பட்டாளத்தில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் தாத்தா பெயரோடு சேர்ந்து ஒரு மாதிரி, பான் அட்டையில் இன்னொரு மாதிரி. இங்கே பிறந்த தமிழர்களுக்கு அடையாள அட்டையிலேயே ‘சன் ஆஃப்’, ‘டாட்டர் ஆஃப்’ என்று போட்டு இந்தக் குழப்பத்தை முடித்துவிட்டார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

2024 ஜூன் பள்ளி விடுமுறையில் எல்லாருமாக ஊருக்குப் போனோம். போனதும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனேன். அங்கே என்ன செய்வார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. விதவைகளுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் உதவித்தொகை கொடுக்கும் இடம் என்றே நினைத்திருந்தேன். உள்ளே மேசையில் இருந்தவரும் ஒரு முன்னாள் சுபேதார். அப்பா அவருக்கு முன்னால் உட்காரவே மாட்டேன் என்றார், அவர் எழுந்து வந்து தோளைத் தொட்டு உட்காரவைத்தார். நான் கொண்டுபோயிருந்த கோப்பு முழுதையும் புரட்டிவிட்டுச் சொன்னார்:

“ரெக்கார்ட் ஆபீஸ்ல பார்ட் டூ ஆர்டர் போடாம பிபிஓ மாறாதும்மா. நீங்க எத்தன எடத்துல தட்டினாலும் அந்தக் கதவத் தட்டணும்.”

பிபிஓ என்றால் பென்ஷன் ஆணை. பட்டாளத்தில் ஒருவரின் வாழ்க்கையில் நடப்பதெல்லாம், கல்யாணம், பிள்ளை பிறப்பு, பதவி உயர்வு எல்லாம், பார்ட் டூ ஆர்டரில் அறிவிக்கப்பட்ட பிறகுதான் பதிவேட்டில் ஏறும். அம்மாவின் பெயர் 1977ல் அப்படித்தான் ஏறியது. திருத்தமும் அப்படித்தான் ஏறவேண்டும். அது ஏறியபின் ரெக்கார்ட் ஆபீஸே பிரயாக்ராஜில் இருக்கும் பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதிய அலுவலகத்துக்கு எழுதும். அவர்கள் திருத்தப்பட்ட பென்ஷன் ஆணை போடுவார்கள். அதைத்தான் கொரிஜெண்டம் பிபிஓ என்கிறார்கள். அது ஸ்பர்ஷில் வந்து விழும். விமானப்படை, கடற்படைக்கு அலுவலகங்கள் வேறு, ஆனால் வரிசை இதேபோலத்தான்.

அவர் சொன்ன இன்னொன்றுதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. “அய்யா உசுரோட இருக்கையில அவரு சொன்னா அது அறிவிப்பு. அவரு போனப்புறம் இதே விசயத்த அம்மா சொன்னா அது கோரிக்கை. அறிவிப்ப ஆபீஸ் பதிஞ்சுக்கும். கோரிக்கைய ஆபீஸ் விசாரிக்கும்.” என் கணவருக்கு அதைத் தொலைபேசியில் சொன்னபோது எனக்குக் குரல் கட்டிக்கொண்டது. அப்பாவுக்கு அப்போது 75. நாங்கள் இத்தனை வருடமாக இந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

காகிதங்கள் சேர்த்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அம்மாவின் ஆதார், பான், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் முதலில் ஒன்றாக இருக்கவேண்டும். நல்ல வேளையாக ஆதாரும் பாஸ்போர்ட்டும் ஒத்திருந்தன, பான் மட்டும் வேறு. அதை முதலில் சரிசெய்தோம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு தடவைதான். அதனால் அவசரப்பட்டு ஆதாரில் கை வைக்காதீர்கள். எது சரியான எழுத்துக்கூட்டு என்று வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை முடிவு செய்துவிட்டு, மற்றதையெல்லாம் அதற்கு இழுங்கள். அம்மாவின் பிறந்த தேதிக்கு அவர் எட்டாம் வகுப்புவரை படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழ்தான் எங்களைக் காப்பாற்றியது. அதை மாமா வீட்டுப் பரணில், கல்யாணப் பத்திரிகைகள் வைத்திருந்த மஞ்சள் பைக்குள்ளிருந்து எடுத்தோம்.

உங்கள் அப்பாவின் சொந்தப் பிறந்த தேதி ஆதாரில் ஒன்றும் பட்டாளத்தில் ஒன்றுமாக இருந்தால் பட்டாளத்தை மாற்றப் போகவேண்டாம். சேரும்போது எழுதிய தேதிதான் அவர்களுக்குக் கடைசிவரை. ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றுவதே நடக்கிற காரியம். மனைவி, பிள்ளைகளின் தேதி அப்படியல்ல, சான்று இருந்தால் திருத்துவார்கள்.

இரண்டு பெயரும் ஒரே ஆளுக்கு உரியவை என்று அப்பாவும் அம்மாவும் ஓர் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கவேண்டும். இதை சிங்கப்பூரிலேயே முடித்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். இங்கே நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லாவின் அபோஸ்டில் சான்றும் அதோடு சேர்ந்து வந்தால்தான் இந்தியாவில் அதற்கு மதிப்பு. பத்திரத்தில் இருக்கும் கையெழுத்தும் முத்திரையும் உண்மைதான் என்று வெளிநாட்டுக்குச் சொல்வது அந்தச் சான்று. 2021 செப்டம்பர் 16லிருந்து இங்கே அபோஸ்டில் முறை இருக்கிறது. தூதரக அதிகாரி முன்னால் கையெழுத்திட்டு முத்திரை வாங்குவது இன்னொரு வழி. இரண்டில் எது சரி என்று கேட்பதற்காகவே ரெக்கார்ட் ஆபீஸுக்குத் தொலைபேசியில் பேசினேன். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் முன்னால் செய்த பத்திரம்தான் வேண்டும் என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில் வேறு மாதிரி சொல்லக்கூடும். காசு செலவழிக்கும் முன்னால் கேட்டுவிடுங்கள். இந்தியாவில் காலை 10 மணி நமக்கு மதியம் 12.30. சாப்பாட்டு நேரத்தில் அலுவலகப் படிக்கட்டில் நின்றபடி நான் பேசாத வாரமில்லை.

எங்களிடம் பத்திரிகை விளம்பரமும் கேட்டார்கள், ஒரு தமிழ் நாளிதழ், ஓர் ஆங்கில நாளிதழ். அந்தப் பக்கங்களை வெட்டாமல் முழுத் தாளாகவே வைத்தோம், தேதி தெரியவேண்டும் என்பதற்காக. இவையெல்லாம், இருவரும் சேர்ந்து எடுத்த படம், டிஸ்சார்ஜ் புக்கின் எல்லாப் பக்கங்களும், பழைய பிபிஓ, அப்பா தமிழில் கையெழுத்திட்ட விண்ணப்பம் என எல்லாவற்றையும் நல அலுவலகம் தன் கடிதத்தோடு அனுப்பிவைத்தது. தபாலில் நேராக அனுப்பியிருந்தாலும் போயிருக்கும். ஆனால் ஓர் அரசு அலுவலகத்தின் கடிதத்துக்கு இன்னோர் அலுவலகம் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்பது என் அனுபவம்.

டிஸ்சார்ஜ் புக் பற்றி ஒன்று. அதை ஊரில் ட்ரங்குப் பெட்டியில் பூட்டிவிட்டு வந்திருப்பார்கள். உறவுக்காரப் பையனிடம் சொல்லி வாட்ஸாப்பில் படம் வாங்கினால் பாதிப் பக்கம் நிழல் விழுந்திருக்கும். அடுத்த முறை போகும்போது அட்டையிலிருந்து அட்டைவரை ஸ்கேன் செய்துகொள்ளுங்கள், வெற்றுப் பக்கம் உட்பட. மூலத்தை மட்டும் யாருக்கும் தபாலில் அனுப்பவேண்டாம். அப்பாவின் இந்திய சிம் கார்டையும் மாதாமாதம் ரீசார்ஜ் செய்து உயிரோடு வையுங்கள். எங்கள் வீட்டில் அது விட்டுப்போய், ஆதார் ஓடிபியும் வராமல், ஸ்பர்ஷ் ஓடிபியும் வராமல் எண்ணை மாற்றவே தனியாக அலைந்தோம்.

செப்டம்பரில் ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து ஒரு கேள்வி வந்தது. ஒரே வரி. பதிவேட்டில் பிள்ளைகள் மூவர், விண்ணப்பத்தில் இருவர், விளக்கம் தேவை.

வேலை முடிந்து வந்து சாப்பாட்டு மேசையில் அதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா சமையலறையில் இருந்தார். அப்பா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். எனக்கு முன்னால் ஓர் ஆண் குழந்தை பிறந்து இறந்தது எனக்குத் தெரியும். பாட்டி எப்போதோ சொல்லியிருந்தார். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. வீட்டில் யாரும் அதைப் பேசி நான் கேட்டதில்லை. குழந்தை பிறந்த செய்தி கடிதத்தில் வந்ததும் அப்பா யூனிட்டில் சொல்லி, பார்ட் டூ ஆர்டர் போட்டிருக்கிறார். 1981ல் குழந்தை எட்டு மாதத்தில் போனபோது அவர் லீவு கிடைக்காமல் எல்லையில் இருந்திருக்கிறார். திரும்பி வந்தபிறகு அந்தச் சாவை அவர் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

“எப்படிப் பாப்பா போய்ச் சொல்றது” என்றார்.

பதில் எழுதும் முன்னால் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்று முடிவுசெய்தேன். இதை முதலிலேயே செய்திருக்கவேண்டும். உங்களுக்குச் சொல்வேன், விண்ணப்பம் எழுதும் முன்னாலேயே குடும்ப விவரப் பக்கத்தின் நகலை வாங்கிவிடுங்கள். 2005ஆம் வருடத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம், 30 நாளுக்குள் பதில் வரவேண்டும். அந்த உரிமை இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்தான். நான் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டவள், என் பெயரில் கேட்டிருந்தால் தள்ளுபடியாகியிருக்கும். அப்பா பெயரில், அவர் கையெழுத்தில் கேட்டோம்.

நகல் வந்தது. பழைய தட்டச்சு எழுத்து. முதல் வரியில் அம்மா, ஒற்றை எம்மோடு. அடுத்த வரியில் அண்ணன். மூன்றாவது நான், நான்காவது தம்பி. அண்ணனுக்குப் பெயர் வைத்திருந்தார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் வீட்டில் பிறந்த குழந்தைக்கு யாரும் பிறப்புச் சான்றிதழ் வாங்கியதில்லை, ஒரு படம்கூட எடுக்கவில்லை. அவன் பெயர் உலகத்தில் எழுதப்பட்டிருக்கிற ஒரே காகிதம் அது. அம்மா அதைக் கையில் வாங்கினார். ஆங்கிலம் தெரியாது. எந்த வரி என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். அந்த வரியைத் தடவிப் பார்த்துவிட்டு, பேனாவைக் கையில் வைத்திருந்த என்னிடம் கேட்டார்.

“இப்ப எழுதினா, பேர அடிச்சுப்புடுவாங்களா?”

எனக்குத் தெரியவில்லை. மறுநாள் 12.30க்குப் படிக்கட்டில் நின்று கேட்டேன். மறுமுனையில் இருந்தவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, பதிந்த பெயரை நீக்கமாட்டோம், அதற்கு எதிரே இறந்த விவரத்தை மட்டும் எழுதுவோம் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். அம்மாவிடம் சொன்னேன். “அப்பன்னா சரி” என்றார்.

அதற்கு இறப்புச் சான்றிதழ் இல்லை. மாமா ஊரில் விஏஓவைப் பார்த்து, அவர் விசாரித்துக் கொடுத்த கடிதத்தை வாங்கி அனுப்பினார். அப்பாவின் வாக்குமூலத்தைத் தூதரகத்தில் அதிகாரி முன்னால் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். இந்த முறை ரெக்கார்ட் ஆபீஸிலேயே, ஊருக்கு வரவேண்டாம், அங்கேயே போட்டு அனுப்புங்கள் என்றார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது ரயிலில் அப்பா ஒன்றும் பேசவில்லை. ஈசூனில் இறங்கியதும் கோப்பிக்கடைக்குப் போகலாமா என்று கேட்டார். எப்போதும் நான் கூப்பிட்டாலும் வரமாட்டார். ஆளுக்கொரு கோப்பி குடித்தோம். அண்ணன் பிறந்தபோது எந்த முகாமில் இருந்தேன், செய்தி எத்தனை நாள் கழித்து வந்தது, லங்கரில், அதாவது பட்டாளச் சாப்பாட்டுக்கூடத்தில், எல்லாருக்கும் எப்படி இனிப்புக் கொடுத்தேன் என்று அவராகவே சொல்லிக்கொண்டு வந்தார்.

அதன்பிறகு பெரிதாகத் தடங்கல் இல்லை. 2025 ஜனவரியில் பார்ட் டூ ஆர்டர் போட்டதாகக் கடிதம் வந்தது. அந்த எண்ணையும் தேதியையும் குறித்து வைத்துக்கொண்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நிலவரம் கேட்டு எழுதினேன். கேட்கும்போதெல்லாம் முந்தைய கடிதத்தின் எண்ணைச் சேர்த்து எழுதினால் பதில் வந்தது, சேர்க்காமல் பொதுவாக எழுதியபோது வரவில்லை. இந்திய மத்திய அரசின் சிபிகிராம்ஸ் புகார்த் தளம் இருக்கிறது, ராணுவ ஓய்வூதியக் குறைகளுக்கென்று தனித் தளமும் இருக்கிறது. எதற்கும் மசியாவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, சென்னையிலும் அதன் அமர்வு உண்டு. எங்களுக்கு அதுவரை போகத் தேவைப்படவில்லை. எழுத்துப்பிழைக்காக முதலிலேயே வழக்குப் போடச்சொல்லி ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. ரெக்கார்ட் ஆபீஸ் எழுத்தில் மறுக்காதவரை அது வீண் செலவு என்றே நினைக்கிறேன். பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று வந்தவரையும் அப்பா வாசலோடு அனுப்பிவிட்டார். அப்படி யாராவது ஓடிபி கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். வயதானவர்கள் பென்ஷனை இழப்பது இப்படித்தான்.

மே மாதம் கொரிஜெண்டம் பிபிஓ வந்தது. இரண்டு பக்கம். அதைப் பிரிண்ட் எடுத்து ஒரு பிரதியை ஊருக்குக் கொடுத்துவிட்டோம், ட்ரங்குப் பெட்டிக்கு. முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கான இசிஹெச்எஸ் திட்டத்தில் அம்மாவுக்குக் கிடைத்த மருத்துவ அட்டையில் இன்னும் பழைய எழுத்துதான் இருக்கிறது. சிங்கப்பூரில் அந்த அட்டைக்கு வேலையில்லை, ஆனால் ஊருக்குப் போய் முழங்காலைக் காட்டவேண்டும் என்றால் அதுதான் வேண்டும். புதிய பிபிஓவைக் காட்டித்தான் அதை மாற்றமுடியும் என்பதால் இந்தப் பொங்கலுக்கு வைத்திருக்கிறோம்.

போன நவம்பரில் திரும்பவும் கிரேஞ்ச் ரோட்டுக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்து ஏற்றினேன். ஏற்றி முடித்ததும் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். இந்த ஒன்றரை வருடத்தில் தன் பெயரின் ஆங்கில எழுத்துகளை என் மகனிடம் கற்றுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையில் விரலை வைத்து முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே வந்தார். நடுவில் நின்றார்.

“ரெண்டு எம் இருக்கு” என்றார்.